வெற்றிக் கூட்டத்துல மைக் கூவுன கத

வாங்க தம்பிகளா, இப்புடி ஒக்காருங்க. டேய், அந்தப் பொட்டி மேல ஒக்காராத, அது ஸ்பீக்கர். இந்தப் பொட்டி மேல ஒக்காரு, இது ஒடஞ்ச ஸ்பீக்கர்.

சவுண்ட் வேலைக்கு புதுசா ரெண்டு பேர் வந்திருக்கானுங்க, நாலு வார்த்த சொல்லிட்டுப் போன்னு கூப்புட்டாங்க. நா ரிட்டையர் ஆன ஆளு. சிரிக்காதீங்க. முப்பத்தாறு வயசுல ரிட்டையர் ஆகக் கூடாதா? நா ஆகல, என் எடது காது ஆயிடுச்சு. இத்தன வருசம் ஹோன் ஸ்பீக்கருக்கு, அதான் அந்தக் கொழா ஸ்பீக்கருக்கு, பக்கத்துலயே நின்ன காது, ஒரு நாள் லெட்டர் குடுத்துட்டுப் போயிடுச்சு. காதில்லாமலும் சவுண்ட் வேல செய்யலாம், நெறைய பேர் செய்றாங்க. ஆனா நா மானஸ்தன்.

வயர எப்புடி இழுக்கணும், அம்ப், அதான் ஆம்ப்ளிஃபயர் பொட்டி, அத எங்க வைக்கணும்னு நா சொல்லப் போறதில்ல. ரெண்டு தடவ கரண்டு அடிச்சா அதெல்லாம் தானா வந்துரும். வேற ஒரு சங்கடம் இருக்கு. மைக்க யார் புடிச்சாலும் சத்தம் நாமதான் குடுக்கணும். கல்யாணமா, குடுக்கணும். எழவா, குடுக்கணும். நமக்கு வயிறு எரியிற பேச்சா, அதுக்கும் குடுக்கணும். அதுவும் நல்லா தெளிவா, கடேசி வரிசைக்கும் கேக்குற மாதிரி. எனக்குப் புடிக்காத ஒரு யுத்தத்துக்கே நா சத்தம் குடுத்திருக்கேன். அதத்தான் சொல்ல வந்தேன்.

வடக்குல சண்ட நடந்த காலம். நீங்க அப்ப மூக்கு ஒழுகிக்கிட்டு இருந்திருப்பீங்க. எனக்குப் பத்தொம்பது வயசு. எட்டாம் வகுப்ப ரெண்டு தடவ படிச்சுட்டு, அதுக்கு மேல அதுல ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சு, லிந்துல டவுன்ல ஒரு சவுண்ட் சேர்விஸ்ல சேந்திருந்தேன். மொதலாளி முஸ்லிம் ஆளு. நாங்க நானான்னு கூப்புடுவோம். நா அம்ப் பாக்குறது. மரத்துல ஏறி ஹோன் கட்டுறது ரஞ்சித்.

ரஞ்சித் சிங்களப் பொடியன். எங்க தேயிலத் தோட்டத்துக்குக் கீழ, ஆத்துக்கு அந்தாண்ட அவங்க கிராமம். தமிழ் என்னய விட நல்லா பேசுவான். கெட்ட வார்த்த மட்டும் சிங்களத்துல பேசுவான், அது எங்களுக்குக் குடுக்குற மரியாதையாம். கொரங்கு யோசிச்சு ஏறுற மரத்துல யோசிக்காம ஏறுவான். மழக்காலம் வந்தா எங்களுக்கு கூட்டமும் இல்ல, திருவிழாவும் இல்ல. அப்புடி ஒரு மழக்காலத்துல அவன் ஆமில, அதான் ராணுவத்துல, போயி சேந்துட்டான். அவங்கம்மா மெனிக்கே தனி மனுசி. வீட்டுக்குப் பாதிக் கூரதான் போட்டிருந்தாங்க. மிச்சக் கூரைக்காகப் போனான். நாடு, நாட்டுப்பற்று எல்லாம் அங்க போனதுக்கு அப்புறம்தான் அவனுக்கு வந்துச்சு.

ஒன்றர வருசம் கழிச்சு ஒரு நாள் காலையில ஸ்டோர தெறக்குறேன். ஹோன் குவியலுக்கு நடுவுல கால நீட்டிக்கிட்டு இவன் ஒக்காந்திருக்கான்.

"மச்சான், லீவு."

"எத்தன நாளு?"

"முடிஞ்சு நாலு நாளாச்சு."

அவ்ளோதான். திரும்பிப் போகல. கூர ஓட்டையில பூந்து ஸ்டோருக்குள்ள எறங்கியிருக்கான். நானாவுக்கு தூசு ஒத்துக்காது, ஸ்டோருக்குள்ள தலையே வைக்க மாட்டாரு. அதனால நாட்டுலயே பத்திரமான எடம் எங்க ஸ்டோர்தான்னு முடிவு பண்ணிட்டான்.

மாட்டுனா அவனுக்கு ஜெயில். எனக்கு என்னன்னுதான் எனக்கே தெரியல. ஒரு தமிழ்ப் பொடியன் ஒரு ஆமிக்காரன ரூமுக்குள்ள பூட்டி வச்சிருந்தா, ஒளிச்சு வச்சான்னு சொல்லுவானுங்களா, கடத்தி வச்சான்னு சொல்லுவானுங்களா? ரெண்டாவதுன்னா என் எலும்ப கூட வீட்டுக்குக் குடுக்க மாட்டானுங்க.

அப்ப ஏன்டா வச்சிருந்தேன்னு கேளுங்க. எங்கம்மாவோட தங்கச்சி, என் சித்தி, சண்ட நடக்குற வடக்குல, கிளிநொச்சியில இருந்தாங்க. இங்க கலவரம்னு பயந்து, தமிழாளுங்க ஊரு, அங்க போனா நிம்மதின்னு அந்தக் காலத்துலயே குடும்பத்தோட போனவங்க. நிம்மதி தேடிப் போன எடத்தப் பாருங்க. அப்ப கொஞ்ச மாசமா அவங்ககிட்டேருந்து ஒரு போன் கெடையாது. இந்த யுத்தம் வேணாம்னு எனக்குத் தோணுச்சு. ஆனா யார்கிட்ட சொல்றது? டவுன்ல சொன்னா புலின்னு புடிச்சுட்டுப் போவானுங்க. தோட்டத்துல சொன்னா, "வாய மூடு, லயத்து வீட்டுக்கெல்லாம் நெருப்பு வைப்பானுங்க." எங்கம்மாகிட்ட சொன்னா அகப்ப பறந்து வரும். அதனால நா ஒரு கணக்குப் போட்டேன். யுத்தத்த நிப்பாட்ட நம்மளால முடியாது. ஒரு ஆமிக்காரன நிப்பாட்டலாம். ஒரு ஆளக் கொறச்சாச்சு. எனக்கு அதுல ஒரே பெரும.

அந்த ஒரு ஆளு எப்புடிப்பட்ட ஆளுன்னு கேளுங்க. ரேடியோவுல நியூஸ் போவும். இவன் ஹோன் மேல தாளம் போடுவான். "ஆஹா! இன்னும் பத்து கிலோமீட்டர்தான் மச்சான்! நம்ம பொடியனுங்க புடிச்சிருவானுங்க!"

"டேய், நீ ஓடி வந்தவன்டா."

"நா ஓடி வந்தது என் சொந்த விசயம். யுத்தம் நாட்டு விசயம். ரெண்டையும் கலக்காத."

"நாட்டு விசயம்னா போயி செய்யேன்."

"என்னய விட்டா வேற ஆளே இல்லயா? நீ போயேன்."

"என்னய எடுக்க மாட்டானுங்க."

"பாத்தியா? ஒனக்கு அந்தக் கஷ்டமே இல்ல. நீ சும்மா ஒக்காந்துகிட்டே யுத்தத்த எதுக்கலாம். நாங்கதான் ஓடணும்."

இதுக்குப் பதில் ஒங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க. வலது காதுல சொல்லுங்க.

ஒரு நாள் கேட்டேன். "நீ ஷெல் அடிச்சியாடா?"

"சீ, நா அடிக்கல. லொறியில பொட்டி ஏத்துனேன்."

"என்ன பொட்டி?"

"மரப்பொட்டி."

"உள்ள என்ன?"

"நா தெறந்து பாக்கல."

"எறக்குன எடத்துலேருந்து எந்தப் பக்கமா சுடுவானுங்க?"

"வடக்கால."

"வடக்கால என்னடா இருந்துச்சு?"

அவன் ப்ளேன்டீய ஒரு மொடக்கு குடிச்சான். "சீனி பத்தல மச்சான்"னான்.

மறுநாள் நா அவனுக்கு சோறு கொண்டு போகல. அதுக்கு மறுநாள் கொண்டு போனேன். ரெண்டு நாளு சோத்தையும் சேத்துக் கொண்டு போனேன். அவன் ரெண்டையும் தின்னான்.

பெரிய தப்பு ஒண்ணு செஞ்சேன். அதச் சொல்லாம விட்டா நா யோக்கியன்னு நெனச்சுருவீங்க. அவங்கம்மாகிட்ட விசயத்த சொல்லல. மெனிக்கே அம்மா நல்லவங்க, ஆனா வாயில எதுவும் நிக்காது. மவன் ஸ்டோர்ல இருக்கான்னு தெரிஞ்சா தலையில சோத்துப் பானைய வச்சுக்கிட்டு கிராமத்தோட வந்துருவாங்க. அதனால மாசத்துக்கு ஒருக்கா ரஞ்சித் ஸ்டோருக்குள்ள இருந்தே கிராமத்துக் கடைக்குப் போன் போடுவான். "அம்மா, நா சண்டையில இருக்கேன், நல்லாருக்கேன்." சும்மா சொன்னா நம்புவாங்களா? சண்டன்னா சத்தம் வேணுமே. சத்தம் யாரு வேல?

பெரிய ஸ்பீக்கர் பொட்டிய போனுக்குப் பக்கத்துல வச்சு, மைக்க துணியில சுத்தி மெதுவா தட்டுனா, தூரத்துல ஷெல் விழுற மாதிரியே இருக்கும். தகரத்துல உளுந்து கொட்டுனா துப்பாக்கி. யுத்தம் வேணாம்னு சொன்ன நா, லிந்துலயில ஒக்காந்து மாசா மாசம் யுத்தம் பண்ணுனேன். வேலன்னு வந்துட்டா நமக்குத்தான் நல்லா செய்யணுமே. ரெண்டாவது மாசம் ஆசப்பட்டு சத்தத்தக் கூட்டி, ஓங்கி ஒரு தட்டு தட்டுனேன்.

ரஞ்சித்தக் காணோம். போன் கீழ கெடக்கு. மேசைக்கு அடியில குப்புறப் படுத்து ரெண்டு கையாலயும் தலையப் பொத்தியிருக்கான். போனுக்குள்ள அவங்கம்மா "புதே, புதே"ன்னு கத்துறாங்க. சிங்களத்துல மவனேன்னு அர்த்தம்.

போன எடுத்து அவன் காதுல நாந்தான் வச்சேன். அதுக்கப்புறம் ஷெல் போடல. மழ சத்தம் மட்டும் போட்டேன்.

ஏன்டா ஓடி வந்தேன்னு கேட்டா அதுவரைக்கும் அவன் நாளுக்கொரு கத சொல்லுவான். சப்பாத்து கடிக்குது, பருப்புல கல்லு, சார்ஜன் கொறட்ட. அன்னைக்குத்தான் உள்ளதச் சொன்னான். ஆளே இல்லாத ஒரு ஊருக்குள்ள போயிருக்கானுங்க. ஒரு கோயிலு. பக்கத்து மரத்துல ஒரு ஹோன் கட்டியிருந்துச்சாம். பழக்க தோசத்துல மேல பாத்திருக்கான்.

"மச்சான், அது நம்ம கட்டு. கயித்த ரெண்டு சுத்து சுத்தி, மூணாவத உள்ளால விட்டு இழுப்போமே, அது. இந்தப் பக்கத்து ஆளு எவனோ அங்க போயி கட்டியிருக்கான்."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. நல்ல கயிறு. அவுத்து எடுத்துக்கலாம்னு ஏறுனேன். அவுக்க கை வரல. எறங்கிட்டேன். அதுக்கப்புறம் லீவு வந்துச்சு."

அடுத்த நாளு நியூஸுக்கு மறுபடியும் தாளம் போட்டான். மனுசன அப்புடியெல்லாம் ஒரே பக்கமா மடிச்சு பொட்டிக்குள்ள வைக்க முடியாது தம்பிகளா.

அவன் வந்து ஆறு மாசம் ஆனப்ப கிளிநொச்சிய புடிச்சாச்சுன்னு டிவில சொன்னாங்க. டவுனெல்லாம் பட்டாசு. கடைக்குக் கட கொடி. நானா பயத்துல ரெண்டு கொடி கட்டுனாரு. அந்த வாரமே லிந்துலயில வெற்றிக் கூட்டம், சவுண்ட் நாங்கதான்னு ஆளு வந்து சொல்லிட்டுப் போயிட்டான். வர்றீங்களான்னு கேக்கல, வாங்கன்னான்.

"நானா, எனக்கு காய்ச்ச"ன்னேன்.

"எனக்கும் காய்ச்சதான் மகன்"ன்னாரு. "நம்ம ரெண்டு பேரும் காய்ச்சலோட போவோம். போகாட்டி நாளைக்கு கட ஈக்காது." ஈக்காதுன்னா இருக்காது, அது நானா பேச்சு.

சித்தி இருந்த ஊரு விழுந்ததுக்கு நா சத்தம் குடுக்கணும். சித்தி உசுரோட இருக்காங்களான்னு கூட தெரியாது. போகாம படுத்துருவோம்னுதான் நெனச்சேன். அப்பத்தான் அடுத்த விசயம் தெரிஞ்சுச்சு. கூட்டத்துக்கு பெரிய மாத்தயா ஒருத்தர், பெரிய எடத்து ஆளு, வர்றாரு, அதனால காலையில கிரவுண்ட சுத்தி உள்ள கட, வீடு, ஸ்டோர் எல்லாத்தையும் பொலீஸ் தொறந்து பாக்கும். எங்க ஸ்டோர் கிரவுண்டுக்கு எதிர்லயே.

ரஞ்சித்த வெளிய எடுத்தே ஆகணும். விடிஞ்சதும் நானாகிட்ட கூட்டிக்கிட்டு போயி நிப்பாட்டுனேன்.

நானா அவன மேலயும் கீழயும் பாத்தாரு. "நீ சண்டையிலல்லவா ஈக்கிறே?"

"லீவு நானா."

"எப்ப வந்தே?"

"ஆறு மாசம்."

நானா ஒக்காந்துட்டாரு. தண்ணி கேட்டாரு. குடிச்சாரு. அப்புறம் அவருக்கு ஒரு யோசன வந்துச்சு. இவ்ளோ மோசமான ஒரு யோசனைய நா அதுக்கப்புறம் கேள்விப்பட்டதே இல்ல. "மரத்துல ஏத்து. சனம் மேடையப் பாக்கும், பொலீஸ் சனத்தப் பாக்கும். மரத்த எவன் பாக்கப் போறான்?"

தை மாசக் குளிரு. ஊரே மங்கி தொப்பியும் ஜெர்சியுமா திரியிற நேரம். இவனுக்கும் ஒரு மங்கி தொப்பிய மாட்டி, கண்ணு மட்டும் தெரியிற மாதிரி இழுத்துவிட்டு, மேடைக்கு முன்னால நின்ன டர்பன்டைன் மரத்துல ஏத்திட்டோம். ஓடி வந்த ஆமிக்காரன், ஆமிக்கு எடுக்குற வெற்றிக் கூட்டத்துல, பொலீஸுக்கு இருவது அடி மேல ஒக்காந்திருக்கான். கொடி குடுத்தா ஆட்டிருப்பான். நா குடுக்கல.

கூட்டம் நல்லாத்தான் போச்சு. பெரிய மாத்தயா மைக்குக்குப் பக்கத்து நாற்காலியில, ஒரு ஹோனுக்கு நேர் கீழ ஒக்காந்திருந்தாரு. சந்தோசம்னா சிங்களச் சனம் ஆக்கி துண்டு போடுற பால்சோறு தட்டு தட்டா அடுக்கியிருந்துச்சு. கிளிநொச்சின்னு பெருசா எழுதுன பேனர். நா தல குனிஞ்சுகிட்டு அம்ப மட்டும் பாத்துக்கிட்டு நின்னேன். அப்பத்தான் அறிவிப்புக்காரன் சொன்னான், "இப்ப நம்ம ரணவிருவோட அம்மா ஒருத்தங்க பேசுவாங்க." ரணவிருன்னா போர் வீரன். மேடையில ஏறுறது யாரு? மெனிக்கே அம்மா.

எவன் எவன் ஆமில இருக்கான்ங்கிற ஆபீஸ் லிஸ்ட்டுல ரஞ்சித் இன்னும் சண்டையிலதான் இருந்தான். அவன் சண்டைய விட்டுத்தான் ஓடுனான், லிஸ்ட்ட விட்டு ஓடல.

மெனிக்கே அம்மா வெள்ளச் சேல. ஜென்மத்துல மைக்கப் புடிச்சதில்ல. "என் மவன் போன மாசம் பேசுனான். அங்க மழன்னான். நனையாதன்னு சொன்னேன்"ன்னாங்க.

இங்கதான் தம்பிகளா, என் தொழில் புத்தி எங்க போச்சுன்னு பாருங்க. மைக்குல மொத மொத பேசுறவங்க எல்லாரும் ஒரு காரியம் செய்வாங்க. தன் சத்தம் வேற எங்கயோ இருந்து வருதேன்னு ஹோனத் தேடி மேல பாப்பாங்க. நூறு கூட்டத்துல பாத்திருக்கேன். பாத்தும், ஒளிச்சு வைக்க வேண்டியவன கொண்டு போயி ஹோனுக்குப் பக்கத்துல ஒக்கார வச்சிருக்கேன்.

மெனிக்கே அம்மா மேல பாத்தாங்க. மொகம் தெரியாது, தொப்பி. ஆனா கால ஆட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தான் மடையன். பெத்தவளுக்கு அந்தக் காலு போதும்.

"புதே..."ன்னாங்க. மைக்குலதான். அடுத்த வார்த்த வாய்க்குள்ள இருக்கு. எறங்குன்னு சொல்லப் போறாங்களா, அய்யோன்னு சொல்லப் போறாங்களா, தெரியாது. கரண்ட நிப்பாட்டலாமா? நிப்பாட்டுனா கிரவுண்டு அமைதியாயிரும், அவங்க வெறும் வாயில கத்துறது இன்னும் நல்லா கேக்கும். அவங்க சத்தத்த மறைக்க அத விட பெரிய சத்தம் வேணும். அம்ப்ல எத்தன திருகு இருந்துச்சோ அத்தனையையும் கடேசி வரைக்கும் திருகுனேன்.

மைக் கூவுச்சு பாருங்க. வீல்ல்ல்லுன்னு. நாய்ங்க ஓடுச்சு. சனம் காதப் பொத்திக்கிட்டு குந்திருச்சு. ஹோனுக்குக் கீழ இருந்த பெரிய மாத்தயா நாற்காலியோட பின்னால சாஞ்சுட்டாரு. நா பத்து எண்ணிட்டுத்தான் எறக்குனேன்.

ஓ.ஐ.சி., அதான் பொலீஸ் ஸ்டேஷனுக்குப் பெரியவரு, வந்து என் சட்டையப் புடிச்சாரு. சிங்களத்துலதான் கேட்டாரு. "தமிழா நீ?"

"ஆமா சார்."

"கிளிநொச்சிய புடிச்சது ஒனக்கு வயித்தெரிச்சல். அதான் கூட்டத்தக் கொழப்புற?"

வயித்தெரிச்சல் நெசந்தான். ஆனா மைக் கூவுனது அதனால இல்ல. இத எந்தப் பாஷையில எப்புடி வெளக்குறது? திரும்பி நானாவப் பாத்தேன். "புதுப் பொடியன் சேர், எனக்கு சரியா தெரியாது"ன்னாரு. மூணு வருசமா சம்பளம் குடுத்த மனுசன்.

"ஜீப்புல ஏத்து இவன"ன்னாரு ஓ.ஐ.சி.

ஒண்ணு சொல்றேன், சிரிக்காம கேளுங்க. அப்ப எனக்கு ஒரு வழி இருந்துச்சு. கைய நீட்டி மரத்தக் காட்டுனா போதும். ஓடிப் போன ஆமிக்காரன புடிச்சுக் குடுத்த நல்ல தமிழன்னு தோள்ல தட்டி அனுப்பியிருப்பானுங்க. யுத்தம் வேணாம், ஒரு ஆளக் கொறச்சேன்னு பெரும பேசுன நா, கைய தூக்கிட்டேன். பாதி வரைக்கும் தூக்கிட்டேன். லொறியில ஏத்துன பொட்டியெல்லாம் ஒரு செக்கன் கண்ணுக்குள்ள வந்துச்சு. மேல பாத்தேன். அவன் என் கையத்தான் பாத்துக்கிட்டு இருந்தான்.

தூக்குன கையால மூக்க சொறிஞ்சுட்டு எறக்கிட்டேன்.

மரத்துலேருந்து சர்ருன்னு ஒரு சத்தம். ரஞ்சித் எறங்கி வர்றான். யாரும் கூப்புடல. நேரா வந்து ஓ.ஐ.சி. முன்னால நின்னு, சுத்தமான சிங்களத்துல, "சேர், என் பிழ. ஹோன மைக்குப் பக்கம் திருப்பிக் கட்டிட்டேன். இவன் அப்பவே சொன்னான், நாந்தான் கேக்கல"ன்னான்.

சிங்களப் பொடியன் செஞ்சா அது பிழ. நா செஞ்சா சதி. ஓ.ஐ.சி. என் சட்டைய விட்டுட்டாரு. "மடையன்! மாத்தயாவுக்கு காது போயிருக்கும்! தொப்பியக் கழட்டு. கழட்டிட்டுப் போயி அந்த அம்மாகிட்ட மன்னிப்புக் கேளு."

தொப்பி. சுத்தி நிக்கிறது பூரா அவன் கிராமத்துச் சனம்.

அவன் கை தொப்பிக்குப் போச்சு. அதுக்குள்ள மெனிக்கே அம்மா மேடைய விட்டு எறங்கி வந்துட்டாங்க. வந்த வேகத்துல அவன் கன்னத்துல, தொப்பியோட சேத்து, பளார்னு ஒண்ணு. அந்தப் பக்கம் ஒண்ணு. "வழுக்குற மரத்துல போயி ஒக்காந்திருக்கியே, ஒன்னய பெத்தவ பாத்தா உசுர விட்டுருப்பாளே!" மூணாவது அடிக்கு ஓ.ஐ.சி.யே தடுத்தாரு. "போதும் அம்மா, போதும், யாரோ பெத்த புள்ள."

"தொப்பியக் கழட்டாத"ன்னாங்க அம்மா, மூச்சு வாங்கிக்கிட்டு. "குளிரு. காய்ச்ச வரும்." தொப்பிய இன்னும் நல்லா கீழ இழுத்துவிட்டாங்க. அப்புறம் பக்கத்துல இருந்த தட்டுலேருந்து ஒரு துண்டு பால்சோத்த எடுத்து, தொப்பிக்குள்ள வாயத் தேடி, திணிச்சாங்க. சனம் கைத்தட்டுச்சு. ரணவிருவோட அம்மாவுக்கு எவ்ளோ நல்ல மனசுன்னு பக்கத்துல ஒரு பொம்பள அழுதுச்சு.

முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். அம்மா திரும்ப மேடைக்கு ஏறுனாங்க. "நா பேசி முடிக்கல." மைக்கப் புடிச்சாங்க. ஓ.ஐ.சி. என் பக்கத்துலயே நிக்கிறாரு. என் கை திருகு மேல.

"என் மவன் எனக்கு போதும்"ன்னாங்க. "கூர வேணாம். நனஞ்சுக்கிறேன். இனி யார் புள்ளயையும் அங்க அனுப்பாதீங்க. அந்தப் பக்கமும் பெத்தவங்க இருக்காங்க. ரேடியோவுல புடிச்சோம் புடிச்சோம்னு சொல்றீங்க, எனக்கு அதக் கேட்டா சோறு எறங்கல. நிப்பாட்டுங்க."

இத இன்னொரு தடவ கூவ வச்சு மறைக்கலாம். மறைச்சா அவங்க தப்பிப்பாங்க. ஒரு செக்கன் யோசிச்சேன். முந்தி மறைச்சது மவனுக்காக. இது அவங்க தெரிஞ்சே பேசுற பேச்சு, இத மறைக்க நா யாரு? ஆறு மாசமா வாய்க்குள்ளயே நா வச்சிருந்தத ஒரு சிங்கள அம்மா மைக்குல சொல்றாங்க. திருகத் தொட்டேன். கொஞ்சூண்டு கூட்டுனேன். கடேசி வரிசைக்கும் கேக்கட்டும்னு.

சனம் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்குது. ஓ.ஐ.சி. தொண்டையச் செருமுறாரு.

அப்ப ஒருத்தர் மட்டும் படபடன்னு கைத்தட்டுனாரு. பெரிய மாத்தயா. நா கூவ வச்ச கூவுல அவருக்கு காது அடச்சிருச்சு, ஒரு வார்த்த கேக்கல. அம்மா வாய் அசையிறது நின்னதும், பேச்சு முடிஞ்சுதுன்னு எந்திரிச்சு நின்னு தட்டுறாரு. அவர் தட்டுனா மேடை தட்டணும். மேடை தட்டுனா சனம் தட்டணும். ஓ.ஐ.சி. தட்டுனாரு. நானா ரெண்டு கையையும் தூக்கித் தட்டுனாரு. யுத்தத்த நிப்பாட்டச் சொன்ன பேச்சுக்கு இந்த நாட்டுலயே அவ்ளோ கைத்தட்டு வேற எங்கயும் விழுந்திருக்காது.

ரஞ்சித்தும் தட்டுனான்.

"அம்மா என்ன சொன்னாங்கன்னு கேட்டியாடா?"

"கேட்டேன்."

"நீதான் யுத்தம் வேணுங்கிறவனாச்சே?"

"என் அம்மா மைக்குல பேசுனா நா தட்டாம இருப்பேனா?"

யுத்தம் நிக்கலன்னு ஒங்களுக்கே தெரியும். அது அதோட வேலய முடிச்சுட்டுத்தான் நின்னுச்சு. எங்க சித்தி முகாமிலேருந்து வந்தாங்க. சித்தப்பா வரல. ரஞ்சித், ஓடிப் போன ஆமிக்காரனுங்களுக்கு பொதுமன்னிப்பு குடுத்தப்ப, எழுதிக் குடுத்துட்டு வெளிய வந்தான். இப்ப நானுஓயா ரயில் ஸ்டேஷன்ல வேன் ஓட்டுறான். இப்பவும் நாங்க இதப் பத்திப் பேசுனா சண்டதான் வரும், அதனால வேனப் பத்திப் பேசுறோம்.

நீங்க கேப்பீங்க, நல்ல வேலதான் செஞ்சேனான்னு. பாதி தூக்குன கைய நெனச்சா இல்லன்னு தோணும். கூட்டி வச்ச திருக நெனச்சா ஆமான்னு தோணும். ரெண்டும் ஒரே கைதான்.

கூட்டம் கலஞ்சப்புறம் நாங்க வயர் சுத்திக்கிட்டு இருந்தோம். மெனிக்கே அம்மா வந்தாங்க. மவன் பக்கம் திரும்பிக் கூட பாக்கல, கெட்டிக்காரி. என் கையில ஒரு துண்டு பால்சோத்த வச்சாங்க. அது எந்த ஊரு விழுந்ததுக்கு ஆக்குன சோறுன்னு எனக்குத் தெரியும்னு அவங்களுக்கும் தெரியும்.

"அவங்க ஆக்குனது அதுக்கு"ன்னாங்க, அரகொற தமிழ்ல. "நா குடுக்கிறது இதுக்கு." கண்ணால மரத்தடியக் காட்டுனாங்க. ரஞ்சித் குனிஞ்சு கயிறு சுத்திக்கிட்டு இருந்தான்.

அவங்க போனப்புறமும் கையில வச்சுக்கிட்டே நின்னேன். திங்கவும் முடியல, போடவும் முடியல. தலைக்கு மேல பேனரு, கிளிநொச்சின்னு. அத அவுக்குறதும் எங்க வேலதான். சோத்த அம்ப் மேல வச்சுட்டு, ஏறி நாலு மூலையையும் அவுத்து, எழுத்து உள்ளால போற மாதிரி மடிச்சு, லொறியில போட்டு மேல ஒரு ஹோனத் தூக்கி வச்சேன்.

அப்புறம் வந்து தின்னேன். ஆறிப் போயிருந்துச்சு.